குப்புற விழுந்த வினைச்சொல்

ஷேக்ஸ்பியரின் 'கிங் ஜான்' நாடகத்தில், ஆஞ்சியர்ஸ் நகரின் மதிலுக்கு வெளியே நடந்த போரின் நிலவரத்தை அறிவிக்க வரும் பிரெஞ்சுத் தூதன், வாயிலைத் திறந்துவிடுமாறு நகரத்தாரிடம் கூறிவிட்டு, ஆங்கிலேயப் படைக்கு நேர்ந்த இழப்பை விவரிக்கிறான். பல கைம்பெண்களின் கணவன்மார், நிறம் மாறிய மண்ணைச் சில்லிட்ட உடலோடு தழுவியபடி 'கிரொவலிங்' ஆகக் கிடக்கிறார்கள் என்கிறான். இன்றைய ஆங்கிலத்தை மட்டும் அறிந்தவருக்கு இந்த வரி விளங்காது. 'கிரொவல்' என்றால் இன்று காலில் விழுந்து கெஞ்சுவது, தன்மானத்தைத் துறந்து குழைவது, மன்னிப்பையோ சலுகையையோ பெறுவதற்காக அளவுக்கு மீறித் தாழ்ந்துபோவது என்று பொருள். போர்க்களத்தில் செத்துக் கிடக்கும் ஒருவன் யாரிடம் கெஞ்ச முடியும்?

அவன் யாரிடமும் கெஞ்சவில்லை. முகம் தரையில் பதிய விழுந்து கிடக்கிறான், அவ்வளவுதான். அந்த வரி எழுதப்பட்ட காலத்தில் அச்சொல் உடல் கிடக்கும் நிலையைக் குறிக்கவும் பயன்பட்டது. கிடப்பவனின் மனநிலையைப் பற்றி அது எதையும் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு கிடையைக் குறித்த சொல் எவ்வாறு ஒருவரின் குணத்தைப் பழிக்கும் சொல்லாயிற்று என்பதும், அதற்கு இடையில் நடந்த ஓர் இலக்கணப் பிசகும் ஆங்கிலச் சொல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிகள்.

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். இச்சொல்லைத் தமிழில் எழுதினால் சாலை போடும் கிராவல் மண் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. தரையில் விழுவதற்கும் சரளைக்கும் பொருத்தம் இருப்பதுபோலத் தோன்றினாலும் இரண்டுக்கும் உறவு கிடையாது. சரளையைக் குறிக்கும் சொல், மணலையும் கரையையும் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் குறுமை வடிவத்திலிருந்து வந்தது. நாம் பார்க்கப்போகும் சொல் வடக்கிலிருந்து, கடல் வழியாக வந்தது.

ஒன்பதாம் நூற்றாண்டு முதல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழி ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடையது என்பதால், கொள்ளையிடுவதற்கும் ஆள்வதற்கும் தேவைப்பட்ட சொற்களோடு நிற்காமல் அன்றாட வாழ்வின் மிகச் சாதாரணச் சொற்களும் ஆங்கிலத்துக்குள் கலந்தன. வானத்துக்கான 'ஸ்கை', முட்டைக்கான 'எக்', சன்னலுக்கான 'விண்டோ', கத்திக்கான 'நைஃப்' ஆகியவை அவ்வாறு வந்தவையே. 'அவர்கள்' என்னும் பொருள்தரும் 'தே' கூட அம்மொழியின் கொடைதான். இந்தக் கூட்டத்தில் 'ஆ கிரூஃபு' என்னும் தொடரும் வந்து சேர்ந்தது. அதற்கு மிகச் சரியான தமிழ் 'குப்புற' என்பதே. மல்லாந்து கிடப்பதற்கு எதிரான நிலை; வயிறும் முகமும் தரையை நோக்கியிருக்கும் நிலை. நார்ஸ் தொடர் இடைக்கால ஆங்கிலத்தில் 'ஆன் கிரூஃப்' என்றும், பின்னர் வெறும் 'கிரூஃப்' என்றும் வழங்கியது.

நம்முடைய 'குப்புற' என்னும் சொல்லில் மானமும் அவமானமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கைக்குழந்தை குப்புறக் கவிழ்வது வீட்டார் மகிழும் செய்தி. கல் தடுக்கியவரும் குப்புறத்தான் விழுகிறார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிப்பவரோ, அந்த நிலையிலும் வீறாப்பை விட மறுப்பவர். கிடை ஒன்று, அதற்கு ஏற்றப்படும் பொருள் வேறு. பழைய 'கிரூஃப்' என்னும் சொல்லும் அவ்வாறே இருந்தது.

இதற்குச் சிறந்த சாட்சி பதினான்காம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர். 1380களின் பிற்பகுதியில் தொடங்கி, 1400-இல் அவர் இறக்கும்வரை முற்றுப்பெறாமல் இருந்த, யாத்திரிகர்கள் கதை சொல்வதாக அமைந்த 'கேன்டர்பரி கதை'களில் 'கிரூஃப்' என்னும் சொல் இரண்டு முக்கியமான இடங்களில் வருகிறது. முதலாவது, வீரன் சொல்லும் கதையின் தொடக்கம். ஏதென்ஸின் தலைவன் தீசியஸ், போரில் வென்று, மணமுடித்த ஹிப்பொலிட்டாவோடு தன் நகரை நெருங்கும்போது, கறுப்புடை அணிந்த பெண்கள் இரண்டிரண்டு பேராக வழியில் மண்டியிட்டுக் கதறுகிறார்கள். தீப்ஸ் நகரின் முற்றுகையில் இறந்த தங்கள் கணவன்மாரின் உடல்களைப் புதைக்கவோ எரிக்கவோ அங்கே ஆளும் கிரியோன் விடவில்லை என்று அவர்களுள் மூத்தவள் முறையிடுகிறாள். பேச்சு முடிந்த கணமே அனைவரும் 'கிரூஃப்' ஆக விழுந்து பரிதாபமாக அழுகிறார்கள். தீசியஸ் குதிரையிலிருந்து தாவி இறங்கி, அவர்களைத் தன் கைகளால் தூக்கி நிறுத்துகிறான்.

காட்சி முழுவதும் கெஞ்சல்தான். ஆனால் இழிவு சிறிதும் இல்லை. அந்தப் பெண்கள் ஒரு காலத்தில் அரசியரும் பிரபுக்களின் மனைவியருமாக இருந்தவர்கள் என்று அந்த மூத்தவளே சொல்கிறாள். அவளே ஓர் அரசனின் மனைவி. அவர்கள் விழுந்ததைக் கண்டு கேட்பவர் நெஞ்சு இரங்க வேண்டும் என்பதற்காகவே சாசர் அந்தச் சொல்லை அங்கே வைக்கிறார். இன்றைய வினைச்சொல்லை அந்த இடத்தில் இட்டால் காட்சியே கெட்டுவிடும்.

இரண்டாவது இடம், கன்னித் துறவியர் மடத்தின் தலைவி சொல்லும் கதை. யூத வெறுப்பு மண்டிய அந்தக் கதையை இன்று மனம் கசக்காமல் படிக்க இயலாது. அதன் முடிவில், கொலையுண்ட பின்னும் பாடிக்கொண்டிருந்த சிறுவனின் நாவிலிருந்த தானிய மணியை மடத்தலைவர் எடுத்ததும் அவன் உயிர் பிரிகிறது. கண்ணீர் மழையாக வழிய, அந்தத் துறவி 'கிரூஃப்' ஆகத் தரையில் விழுந்து, கட்டுண்டவர்போல் அசையாமல் கிடக்கிறார். இது கெஞ்சல்கூட இல்லை. அற்புதத்தின் முன் மனிதர் நிலைகுலைந்து விழும் விழுகை. 'அசையாமல்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது தேவைப்படும்.

இனி இலக்கணப் பிசகுக்கு வருவோம். இடைக்கால ஆங்கிலத்தில் வினையடைகளை உண்டாக்க '-லிங்' என்றொரு பின்னொட்டு இருந்தது. திசையையோ நிலையையோ குறிக்கும் சொல்லோடு அது சேரும். பக்கத்தைக் குறிக்கும் 'சைட்' என்பதோடு சேர்ந்தால் 'சைட்லிங்', அதாவது பக்கவாட்டாக. தலையைக் குறிக்கும் 'ஹெட்' என்பதோடு சேர்ந்தால் 'ஹெட்லிங்', தலைகுப்புற. இருளைக் குறிக்கும் 'டார்க்' என்பதோடு சேர்ந்தால் 'டார்க்லிங்', இருட்டிலே. வாளின் கூர்முனை படாமல் அதன் தட்டைப் பரப்பால் அடிப்பதற்கு 'ஃபிளாட்லிங்' என்று ஒரு சொல் இருந்தது. வாத்துக்குஞ்சைக் குறிக்கும் 'டக்லிங்', கீழாளைக் குறிக்கும் 'அண்டர்லிங்' ஆகியவற்றில் வரும் '-லிங்' வேறு. அது பெயர்ச்சொற்களை ஆக்குவது, சிறுமையையும் சில நேரம் ஏளனத்தையும் தாங்கியது. நம்முடைய சொல்லில் இருப்பது முதல் வகை. 'கிரூஃப்' என்பதோடு அது சேர்ந்து 'குப்புறக் கிடந்தவாறு' என்று பொருள்படும் வினையடை பிறந்தது.

உயிரொலிகளுக்கு நடுவே சிக்கிய 'எஃப்' ஒலி, ஆங்கிலத்தின் பழைய வழக்கப்படி 'வி' ஆக நெகிழ்ந்தது. 'லீஃப்' என்னும் இலை பன்மையில் 'லீவ்ஸ்' ஆவது அந்த வழக்கின் எச்சமே. 'உ' ஒலியை 'ஓ' எழுத்தால் எழுதியது எழுத்தர்களின் கைவண்ணம். அக்காலக் கையெழுத்தில் 'யு', 'வி' இரண்டுக்கும் ஒரே வடிவம் இருந்ததால், அவை அடுத்தடுத்து வரும் இடங்களில் குழப்பத்தைத் தவிர்க்க 'யு' எழுத்துக்கு மாற்றாக 'ஓ' எழுதினார்கள். 'லவ்', 'டவ்', 'அபவ்' ஆகியவற்றில் நாம் இன்றும் 'ஓ' எழுதிவிட்டு வேறு ஒலியைச் சொல்வது இதனால்தான். இவ்வாறு 'கிரூஃப்லிங்' மெல்ல மெல்ல 'கிரொவலிங்' ஆயிற்று.

வினையடையாக்கும் அந்த '-லிங்' பின்னொட்டு நெடுங்காலம் உயிரோடு இருக்கவில்லை. புதிய சொற்களை உண்டாக்கும் ஆற்றலை அது இழந்தபின், ஏற்கெனவே அதைத் தாங்கியிருந்த சொற்கள் மக்களுக்குப் புதிராயின. முடிவில் இருப்பது என்ன என்பது தெரியாதபோது, தெரிந்த ஒன்றாக அதை மாற்றிக்கொள்வது பேசுவோர் இயல்பு. சில சொற்களில் '-லிங்' என்பதை 'நீளம்' எனப் பொருள்படும் '-லாங்' என்று மாற்றினார்கள். 'ஹெட்லிங்' இவ்வாறே 'ஹெட்லாங்' ஆயிற்று. தலைதெறிக்க ஓடுவதற்கும் நீளத்துக்கும் என்ன தொடர்பு என்று இன்று யாரும் கேட்பதில்லை. வேறு சில சொற்களில் நடந்தது இதைவிடச் சுவையானது. ஆங்கிலத்தில் நிகழும் செயலைக் குறிக்கும் வினை வடிவங்கள் '-இங்' என்று முடியும். எனவே '-லிங்' என்று முடிந்த சொற்களைக் கேட்டவர்கள், அதில் '-இங்' மட்டுமே விகுதி என்றும், அதற்கு முன்னிருக்கும் 'எல்' வேரைச் சேர்ந்தது என்றும் கொண்டார்கள். விகுதியை நீக்கினால் வினைச்சொல் கிடைக்க வேண்டுமல்லவா? 'கிரொவலிங்' என்பதில் '-இங்' போனால் மிஞ்சுவது 'கிரொவல்'. அதற்கு முன் அப்படியொரு வினைச்சொல்லே கிடையாது.

ஓர் எழுத்து விகுதியிலிருந்து கிளம்பி வேருக்குள் குடியேறிவிட்டது. பிரித்தானியர் இன்று 'கிரொவலிங்' என்னும் வடிவத்தை இரண்டு 'எல்' இட்டும் அமெரிக்கர் ஒரே 'எல்' இட்டும் எழுதுகிறார்கள். எந்த 'எல்' யாருடையது என்ற பழைய வழக்கைத் தெரியாமலே இரு தரப்பும் தத்தம் எழுத்து முறையைப் பின்பற்றுகின்றன.

இல்லாத வேரைப் பின்னோக்கிச் சென்று உண்டாக்கும் இந்த முறை ஆங்கிலத்துக்குப் புதிதன்று. 'எடிட்டர்' என்னும் பெயர் முதலில் வந்தது. 'எடிட்' என்னும் வினை அதிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது. 'பர்க்லர்' என்பவனிடமிருந்து 'பர்கிள்' என்ற வினையை எடுத்தார்கள். பட்டாணியைக் குறித்த 'பீஸ்' என்னும் சொல்லைப் பன்மை என்று நினைத்து 'பீ' என்று ஒருமையை உண்டாக்கினார்கள். ஆனால் இறந்துபோன '-லிங்' பின்னொட்டிலிருந்து பிறந்த வினைகள் ஒரு தனிக் குடும்பம். 'சைட்லிங்' என்பதிலிருந்து ஒருக்களித்து நழுவி நகர்வதைக் குறிக்கும் 'சைடில்' பிறந்தது. 'டார்க்லிங்' என்பதிலிருந்து இருண்டுபோவதைக் குறிக்கும் 'டார்க்கிள்' பிறந்தது; பைரனின் 'டான் ஹுவான்' காவியத்தில் அது உண்டு. மூவருள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது 'கிரொவல்' தான்.

அந்த வினைச்சொல் எழுத்தில் முதன்முதலாகக் காணப்படுவது, 1590களின் தொடக்கத்தைச் சேர்ந்த, ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் என்று ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதிகள் காட்டுகின்றன. அந்த இடம் நின்று பார்க்கத் தக்கது. குளோஸ்டர் கோமகன் ஹம்ஃபிரி தலைகவிழ்ந்து தரையையே நோக்கியிருக்கிறான். அவன் மனைவி எலினார், முற்றிய கதிர்போல் ஏன் தலை சாய்ந்திருக்கிறாய் என்று தொடங்கி, தரையில் அப்படி என்னதான் தெரிகிறது, ஹென்றி மன்னனின் மணிமுடியா என்று கேட்கிறாள். அப்படியானால் பார்த்துக்கொண்டே இரு, அந்த முடி உன் தலையைச் சூழும்வரை முகம் தரையில் படக் 'கிரொவல்' செய் என்கிறாள். அடுத்த வரியிலேயே, கையை நீட்டி அந்தப் பொன்னை எட்டிப் பிடி, உன் கை குட்டையாக இருந்தால் என் கையையும் சேர்த்து நீளமாக்கித் தருகிறேன் என்கிறாள்.

தாழ்மையின் சாயல் சற்றும் இல்லாத இடத்தில் இவ்வினை நமக்கு அறிமுகமாகிறது. பேசுவது பேராசை. தரையில் விழச் சொல்வது யாருடைய காலையும் பிடிப்பதற்காக இல்லை, கிரீடத்தை எடுப்பதற்காக. அதோடு, 'முகத்தின் மேல்' என்று அவள் வெளிப்படையாகச் சொல்வதைக் கவனிக்க வேண்டும். 'கிரூஃப்' என்றாலே முகம் குப்புற என்பதுதான். வேரின் பொருள் கேட்போர் காதில் தானாக ஒலித்திருந்தால் அந்தத் தொடர் தேவைப்பட்டிராது. வினை பிறந்தபோதே அதன் தாய்ச்சொல் மறைந்துகொண்டிருந்தது என்று நான் கொள்கிறேன். (வரலாற்றில் வாழ்ந்த எலினார் காபம், 1441-இல் சூனியக் குற்றம் சாட்டப்பட்டு, கையில் மெழுகுவர்த்தி ஏந்தி லண்டன் தெருக்களில் நடந்து ஊரறியப் பிராயச்சித்தம் செய்ய வேண்டியதாயிற்று. அந்த நடையையும் ஷேக்ஸ்பியர் அதே நாடகத்தில் வைத்திருக்கிறார்.)

வினையடை வினையாக மாறியதில் இலக்கணத்தை மீறிய ஒரு விளைவு இருந்தது என்பது என் கருத்து. 'குப்புற' என்பது எப்படிக் கிடந்தான் என்ற கேள்விக்கு விடை. அம்பு பட்டு வீழ்ந்தவனும், துக்கம் தாளாமல் சாய்ந்தவளும், வழிபாட்டில் விழுந்தவரும் அந்த விடைக்குள் அடங்குவார்கள். எவரும் அந்தக் கிடைக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. வினைச்சொல்லோ என்ன செய்தான் என்ற கேள்விக்கு விடை. அதற்கு ஓர் எழுவாய் வேண்டும். செய்பவன் ஒருவன் வந்துவிட்டால், ஏன் செய்தான், செய்யத்தான் வேண்டுமா, மானமுள்ளவன் செய்வானா என்ற கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். குப்புறக் கிடந்தவர்மேல் இரக்கம் கொள்ளலாம். 'கிரொவல்' செய்பவனை ஏளனம்தான் செய்ய முடியும்.

மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்துவிடவில்லை. 'கிங் ஜான்' நாடகத்தின் பிணங்கள் பழைய பொருளிலேயே கிடக்கின்றன. அதுவும் அதே ஆசிரியரின் அதே பத்தாண்டைச் சேர்ந்தது. 1667-இல் வெளிவந்த மில்டனின் 'இழந்த சொர்க்கம்' இரண்டு பொருள்களையும் ஒருசேரக் காட்டுகிறது. முதல் காண்டத்தில், வானிலிருந்து வீழ்த்தப்பட்ட தேவதூதர்கள் நெருப்பு ஏரியில் 'கிரொவலிங்' ஆகக் கிடக்கிறார்கள். அடிபட்டு மயங்கிய படையின் கிடை அது. பத்தாம் காண்டத்திலோ இறைவன் பாம்பைச் சபிக்கிறான். 1611-இல் வெளியான ஆங்கில விவிலியத்தின் ஆதியாகமத்தில் அந்தச் சாபம், வயிற்றினால் செல்வாய், ஆயுள் முழுதும் புழுதியைத் தின்பாய் என்ற அளவில் இருக்கிறது. மில்டன் அந்த வாசகத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டு, இடையில் ஒரேயொரு சொல்லைச் செருகுகிறார். 'வயிற்றின் மேல் கிரொவலிங் ஆகச் செல்வாய்' என்கிறார்.

அந்த ஒரு சொல் செருகலில் இரண்டு புதுமைகள் உள்ளன. இந்தக் கிடை இப்போது தண்டனையாகிவிட்டது. புழுதியும் சாபமும் அதில் ஒட்டிக்கொண்டன. மற்றொன்று, கிடை இப்போது நகர்கிறது. சாசரின் துறவி கட்டுண்டவர்போல் அசையாமல் கிடந்தார். மில்டனின் பாம்பு குப்புறக் கிடந்தபடியே செல்கிறது. குப்புறக் கிடப்பது ஒரு முறைதான் நிகழும். நெளிந்து நகர்வதோ தொடர்ந்து நடக்கும், அதனால் பார்ப்பவருக்கு அருவருப்பூட்டும்.

இதில் ஒலிக்கும் பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப நிகழும் சிறு அசைவுகளைக் குறிக்கும் வினைகள் பலவற்றின் இறுதியில் 'எல்' ஒலி இருக்கும்: நெளிவதற்கு 'ரிகிள்', தள்ளாடி நடப்பதற்கு 'வாடில்', காலைத் தேய்த்து நடப்பதற்கு 'ஷஃபிள்'. மூக்கைச் சிந்தி அழுவதற்கு 'ஸ்னிவல்', எச்சில் வடிய உளறுவதற்கு 'டிரிவல்', சுருங்கிப்போவதற்கு 'ஷ்ரிவல்' என்று மதிப்புக் குறைந்த செயல்களின் கூட்டமொன்றும் அதே ஓசையில் முடிகிறது. தவறாக வெட்டப்பட்ட நம்முடைய வினை, தனக்கு உரிமையில்லாத அந்த 'எல்' ஒலியோடு இந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடத்தின் வாடை அதன்மேல் படிந்தது.

தாழ்தலைக் குறிக்கும் பிற ஆங்கிலச் சொற்களோடு ஒப்பிட்டால் இந்த வாடை இன்னும் தெளிவாகும். 'ஹம்பிள்' என்பது மண்ணைக் குறிக்கும் லத்தீன் 'ஹூமுஸ்' என்பதிலிருந்து, 'தாழ்ந்த' எனப் பொருள்படும் 'ஹூமிலிஸ்' வழியாக வந்தது. திருச்சபையின் வாயில் அது ஓர் அறமாயிற்று. விழுந்து வணங்குவதைக் குறிக்கும் 'பிராஸ்ட்ரேட்' லத்தீன் வழியில் வந்து தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டது. மண்ணோடு மண்ணாகக் கிடப்பதை எல்லாச் சொற்களும்தான் சொல்கின்றன. கோயிலுக்குள் நுழைந்தவை மரியாதை பெற்றன. கல்லாதவர் வாய்வழி வந்த வடக்கத்திச் சொல்லுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. லத்தீன் வழிவந்து, அவமானப்படுத்துவதைக் குறிக்கும் 'ஹியூமிலியேட்' இந்தக் கணக்கைச் சற்றே கெடுக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வினைச்சொல்லுக்குக் கிடைத்த மிகப் பெரிய விளம்பரம் கிரிக்கெட்டினால் வந்தது. 1976-இல் கிளைவ் லாயிடின் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகள் அணி ஐந்து டெஸ்ட் போட்டிகளுக்காக இங்கிலாந்து சென்றிருந்தது. தொடர் தொடங்கும் தறுவாயில், இங்கிலாந்து அணித்தலைவர் டோனி கிரெய்க், பிபிசி தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில், மேற்கிந்தியர் மேலோங்கினால் அற்புதமாக ஆடுவார்கள், தாழ்ந்துவிட்டாலோ 'கிரொவல்' செய்வார்கள் என்றார்; 'குளோஸி'யும் வேறு சிலரும் துணைநிற்க அவர்களைக் 'கிரொவல்' செய்ய வைக்கப்போவதாகவும் சொன்னார். குளோஸி என்று அவர் குறிப்பிட்டது, 45 வயதில் அணிக்குத் திரும்ப அழைக்கப்பட்டிருந்த பிரையன் குளோஸை.

அந்தச் சொல் பற்றவைத்த நெருப்புக்குக் காரணம் அதன் அகராதிப் பொருள் மட்டுமில்லை. யார் வாயிலிருந்து வந்தது என்பதும்தான். கிரெய்க் தென்னாப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்த வெள்ளையர், அந்த நாட்டு உச்சரிப்போடு பேசியவர். நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த காலம் அது. முதல் டெஸ்ட் தொடங்கிய அதே ஜூன் மாதத்தில்தான் சொவெட்டோவில் மாணவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களைப் பார்த்து, அப்படிப்பட்ட ஒருவர், உங்களைப் புழுதியில் புரள வைப்பேன் என்று சொல்வது வெறும் விளையாட்டுச் சீண்டலாக எவர் காதிலும் விழவில்லை. இலக்கண நோக்கிலும் இது ஒரு படி மேலேறிய வழக்கு. தன்வினை இங்கே பிறவினையாகிவிட்டது: தான் விழுவதும் இல்லை, பிறர் விழுவதைப் பார்ப்பதும் இல்லை, விழச் செய்வது.

பதில் மைதானத்தில் கிடைத்தது. முதல் இரண்டு போட்டிகள் வெற்றி தோல்வியின்றி முடிய, மீதி மூன்றையும் மேற்கிந்தியர் வென்றார்கள். ஓல்டு டிராஃபோர்டில் இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 71 ஓட்டங்களுக்குச் சுருண்டு, முடிவில் 425 ஓட்டங்கள் வேறுபாட்டில் தோற்றது. அந்தப் போட்டியில் பிரையன் குளோஸ் வேகப்பந்துகளை உடம்பில் வாங்கிக்கொண்டு நின்ற காட்சியை இன்றும் பேசுகிறார்கள். விவியன் ரிச்சர்ட்ஸ் நான்கே போட்டிகளில் 829 ஓட்டங்கள் குவித்தார். அதில் 291, ஓவல் மைதானத்தில் ஒரே இன்னிங்ஸில் எடுத்தவை. உயிரற்ற அதே ஆடுகளத்தில் மைக்கேல் ஹோல்டிங் 149 ஓட்டங்களைக் கொடுத்து 14 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இரண்டு இன்னிங்ஸிலும் கிரெய்கின் ஸ்டம்புகளைத் தகர்த்தவரும் அவரே. அந்தப் போட்டியின்போது கிரெய்க், மேற்கிந்திய ரசிகர்கள் திரண்டிருந்த பக்கமாகச் சென்று, சிரித்துக்கொண்டே மண்டியிட்டுக் கைகளை ஊன்றிச் சில அடிகள் தவழ்ந்து காட்டினார். தான் சொன்ன சொல்லைத் தானே செய்துகாட்டுவதாக அவர் நினைத்தார். கூட்டமும் அவ்வாறே புரிந்துகொண்டு ஆர்ப்பரித்தது.

சொல்லாராய்ச்சி செய்பவரின் கண்ணுக்கு அங்கே வேறொன்றும் தெரியும். கிரெய்கின் முகம் தரையில் படவில்லை, வயிறும் படவில்லை. நான்கு கால்களில் செல்லும் அந்த நிலையைக் கண்டால் 'கிரூஃப்' என்று சாசர் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் 1976-இன் ஆங்கிலத்தில் அதுதான் சரியான நடிப்பு. இன்றைய அகராதிகள் முகம் குப்புறக் கிடத்தலையும் ஊர்தலையும் ஒரே வினையின் கீழ்த் தருகின்றன. நடைமுறையிலோ உடல் முற்றிலும் உதிர்ந்து, மன்னிப்புக் கடிதத்துக்கும் பதவிக்காகக் குழைவதற்குமான அடைமொழியாகவே அச்சொல் பெரும்பாலும் வழங்குகிறது.

கிரெய்கின் தந்தை ஸ்காட்லாந்துக்காரர். அந்த உறவின் வழியாகத்தான் மகனுக்கு இங்கிலாந்து அணியில் ஆடும் தகுதி கிடைத்தது. அந்தத் தந்தையின் நாட்டுமொழியான ஸ்காட்ஸில் பழைய நார்ஸ் சொல் தன் பங்குக்குத் தனியாகத் தங்கிவிட்டது. அங்கே அது 'கிரூஃப்' என்னும் பெயர்ச்சொல். உடலின் முன்பக்கத்தை, வயிற்றைக் குறிப்பது. ஒருவர் தன் 'கிரூஃப்' மேல் கிடக்கிறார் என்று ஸ்காட்ஸில் சொன்னால், அவர் குப்புறப் படுத்திருக்கிறார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. '-லிங்' ஒட்டிய வடிவத்தைத் தவறாக வெட்டிப் பிறந்த தெற்கத்தி வினைதான் பழியைச் சுமந்தது. வெட்டப்படாமல் தங்கிய வடக்கத்திப் பெயர்மேல் அது ஏறவில்லை.